கேள்வி கேட்க ஒரு மைக்

மைக்கை இந்த வருடம் பேராசிரியை தன் கையிலேயே வைத்துக்கொண்டாள். வேறு வழியில்லை. போன வருடம் நடைபாதையில் நிறுத்தி வைத்திருந்ததை, படத்தை மறைக்கிறது என்று போட்டோக்காரர் தூக்கிச் சுவரோரம் போட்டுவிட்டார். அதற்கு முந்தைய வருடம், பூச்செண்டு வைக்க இடமில்லை என்று அரங்கக் காப்பாளர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார். மாணவர்கள் கேள்வி கேட்பதற்கென்று இருப்பது அந்த ஒரு மைக்தான். அதன்மேல்தான் எல்லோருக்கும் கண்.

சட்டக் கல்லூரியில் அவள் வகித்த பதவி, மறைந்த நீதிபதி ஒருவர் பெயரில் அவர் மனைவி அறக்கட்டளை வைத்து ஏற்படுத்தியது. பதவியோடு வருடாந்திரச் சொற்பொழிவும் சேர்ந்தே வந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று: பாதி நேரம் பேச்சு, மீதி நேரம் மாணவர்களின் கேள்வி. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? ஆனாலும் இத்தனை வருடத்தில் ஒரு மாணவர்கூட வாய் திறந்ததில்லை. பேச வந்தவர்கள் எல்லோரும் நீதிபதியைப் பற்றி ஆரம்பித்துத் தங்களைப் பற்றி முடித்தார்கள். அதற்குள் அரங்கத்தைப் பூட்டும் நேரம் வந்துவிடும்.

போன வாரம் நீதிபதியின் மனைவி தொலைபேசியில் அழைத்தார்.

"இந்தத் தடவையும் ஒரு பிள்ளைகூட கேள்வி கேக்கலன்னா அவர் பேரை எடுத்துடறேன்மா. பதவியும் வேணாம், பேச்சும் வேணாம். புகழறதெல்லாம் அவர் சாவுக்கு வந்தவங்களே புகழ்ந்துட்டுப் போயிட்டாங்க."

பெயர் போனால் பதவி போகும். பதவி போனால் அவள் வேலையும் போகும். அவள் கல்லூரி முதல்வரிடம் ஓடினாள்.

"சுருக்கமா பேசறவரா ஒருத்தரைக் கூப்பிடலாம் சார்."

"ஏற்கெனவே கூப்பிட்டாச்சேம்மா. நீதிபதி ஐயா முன்னாடி காலமெல்லாம் வாதாடினவரு."

யாரென்று கேட்டதும் அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சக வக்கீல்கள் அந்த மனிதருக்கு வைத்திருந்த பெயர் 'முன்னுரை'.

முன்னுரை இப்போது மேடையில் பேசிக்கொண்டிருந்தார். தன் பள்ளிக்கூடத்தில் தொடங்கி, தனக்குக் கறுப்பு அங்கி தைத்துக் கொடுத்த தையல்காரர் வரைக்கும்தான் வந்திருந்தார். நீதிமன்ற வாசலையே இன்னும் மிதிக்கவில்லை. அவள் துண்டுச்சீட்டு அனுப்பினாள். அவர் அதைப் படித்துச் சிரித்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நேரமாச்சுன்னு எழுதியிருக்காங்க. ஐயாவுக்குச் சீட்டெல்லாம் தேவையே இல்லை. பேனாவைத் திறந்து வச்சிருந்தார்னா கேக்கறார்னு அர்த்தம். 'டக்'னு மூடினார்னா போதும்னு அர்த்தம். மறுபேச்சே கிடையாது, உட்கார்ந்துடணும். ஒரு தடவை, வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஒரு அம்மாமேல வழக்கு. நான் அந்த அம்மா பக்கம். வாடகைச் சட்டத்தோட வரலாறுலருந்து ஆரம்பிச்சேன். டக். அவ்வளவுதான், உட்கார்ந்துட்டேன்."

அரங்கம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு அடுத்த கதைக்குத் தாவினார். பேனாவை மூடினால் உட்காருவாராம். இப்போது மட்டும் மனிதருக்கு உட்காரும் உத்தேசமே இல்லை. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பேராசிரியைக்குக் கண் பூத்துவிட்டது. பின் வரிசைகளில் மாணவர்கள் பையை மாட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள்.

பக்கத்து இருக்கையில் நீதிபதியின் மனைவி கைப்பையைத் திறந்து மடித்த தாள் ஒன்றையும், தடித்த கறுப்புப் பேனா ஒன்றையும் எடுத்தார். மேடைக்குப் பின்னால் மாட்டியிருந்த நீதிபதியின் படத்தில், அவர் விரல்களுக்கிடையே இருந்த அதே பேனா. மூடியைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார்.

"என்னம்மா பண்றீங்க?" பேராசிரியை மைக்கை மறுபக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவர் காதருகே கிசுகிசுத்தாள்.

"கையெழுத்துப் போடறேன். பேரை எடுக்கச் சொல்லித்தான்."

"கொஞ்சம் பொறுங்கம்மா. இன்னும் நேரம் இருக்கு."

"எத்தனை வருஷம் பொறுக்கறது? நீயே சொல்லு."

பேனா தாளைத் தொட்டது. அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. முன்னுரைமேல், முதல்வர்மேல், போட்டோக்காரர்மேல், எல்லோர்மேலும் கோபம். மைக் பிடித்த கையாலேயே அவர் கையைத் தடுத்து, மறுகையால் மடியிலிருந்த மூடியை எடுத்துப் பேனாவில் அழுத்தினாள். மைக் வேலை செய்கிறதா என்று மதியம் சோதித்தபோது போட்ட சுவிட்சை அவள் அணைக்கவில்லை.

'டக்' என்ற சத்தம் எல்லா ஒலிபெருக்கிகளிலும் கேட்டது.

முன்னுரை பாதி வார்த்தையில் நின்றார். பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் ஏன் உட்கார்ந்தோம் என்று விழித்தார்.

அவள் எழுந்துவிட்டாள். "யாருக்காவது கேள்வி இருக்கா?" குரல் அவளுக்கே கட்டளைபோல் கேட்டது. முதுகில் பையோடு ஒரு மாணவி இறங்கி வந்து மைக்கை வாங்கினாள்.

"சார், அந்த வீட்டு அம்மா என்ன ஆனாங்க?"

முன்னுரை உட்கார்ந்தபடியே சொன்னார். "வழக்கு தோத்துப்போச்சு. காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க."

"அவங்க பக்கம் நியாயம் இருந்ததா?"

"இருந்தது. நான் அதுக்கு வர்றதுக்குள்ள..."

"அப்போ நீதிபதி கேட்டிருக்கணும் இல்லையா சார்? பேனாவை மூடினது அவர் தப்புதானே?"

முதல்வர் எழுந்தார். "இது அவரை நினைவுகூர்ற கூட்டம்மா, இங்க வந்து..."

நீதிபதியின் மனைவி மறுபடி பேனாவின் மூடியைக் கழற்றினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் பேராசிரியை. தானே மைக்கைக் கொடுத்துத் தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க உட்காருங்க" என்றார் அவர் முதல்வரிடம். பிறகு மாணவியைப் பார்த்தார். "இதே கேள்வியை நான் வீட்டுல கேட்டேன்மா. பாதிச் சாப்பாட்டுல எழுந்து போனார். கடைசிவரைக்கும் பதில் சொல்லவே இல்லை." தாளைத் திருப்பி, எழுதாத பக்கத்தை மேலே வைத்துக்கொண்டார். "இன்னொரு தடவை மெதுவா சொல்லு. எழுதிக்கணும்."

மாணவி சொன்னாள். அவர் எழுதினார். எழுதி முடித்த பிறகும் பேனாவை மூடவில்லை.

முன்னுரை அந்தத் திறந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நின்றார்.

"வீட்டுச் சொந்தக்காரர், காலி பண்ணச் சொல்லமாட்டேன்னு அந்த அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்" என்றார். "அதைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி சொல்ல வந்து வெளியில நின்னுக்கிட்டிருந்தார். நான் கூப்பிடவே இல்லை."