ப்ரெபென் ஏற்றிய பலூன் பாய்

ப்ரெபென் அட்டையோடு வந்திருந்தான். பலூன் பாய் ஏற்றும் முறையைப் பதினொரு படிகளாக அச்சடித்து, ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ள நாடாவும் வைத்த அட்டை. ஏப்ரலில் இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போனதற்குக் கிடைத்தது. அவன் சிவப்புக் கடல் உடுப்பில் கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை. ஏரோ தீவின் ஏரோஸ்கொபிங் துறையில் படகை அவிழ்க்கும்போதே பொடில் இதையெல்லாம் பார்த்துவிட்டாள். மத்தியானத்துக்குள் படகு அவனுடையதாகிவிடும். சொல்லி என்ன ஆகப்போகிறது?

பொடிலின் கணவன் ஈவர் பிப்ரவரியில் இறந்துபோனான். அடக்கம் முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே அவன் தம்பி ப்ரெபென், "படகைப் பத்தி நீ கவலையே படாதே பொடில், அந்தப் பாரத்த நான் தூக்கிக்கிறேன்" என்று அவள் தோளைத் தட்டினான். எட்டு மீட்டர் படகு. முப்பத்தொரு கோடைகள் அதில் பாய் ஏற்றி இறக்கியவள் அவள்தான். ஆனாலும் அறுபத்தாறு வயதில் தனியாக இருப்பவளுக்குப் படகு தேவையில்லை என்பதில் குடும்பத்தில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ப்ரெபெனிடமிருந்து வாரம் ஒருமுறை போன் வந்துகொண்டிருந்தது. மே மாதக் கடைசியில் அவளும் அலுத்துப்போய்ச் சரி என்றாள். ஸ்வென்போரில், அவன் வீட்டுக்குப் பக்கத்தில், படகு நிறுத்த இடம் பிடித்தாயிற்று. அங்கே போய்ச் சேர்ந்ததும் சாவியைக் கொடுப்பதாகப் பேச்சு.

தென்மேற்குக் காற்று. ஏரோவிலிருந்து ஸ்வென்போருக்குப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல காற்று கிடையாது. முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வரும். தீவைத் தாண்டியதும் ப்ரெபென் சுக்கானை மனைவி விபெக்கெயிடம் கொடுத்துவிட்டு அட்டையைத் தூக்கிப் பிடித்தான்.

"முதல் படி. பாய் மூட்டைய முன்னாடி கொண்டு போ."

"கொண்டு வந்தாச்சு."

"ரெண்டாவது படி..."

"அதுவும் ஆச்சு, ப்ரெபென்."

"வரிசையாத்தான் பண்ணணும். இல்லேன்னா வரிசை எதுக்கு?"

பொடில் பாயின் இரண்டு ஓரங்களையும் விரலிடுக்கில் ஓட்டிப் பார்த்து, முறுக்கு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு மூட்டையில் அடுக்கியிருந்தாள். ஒரு வீட்டுக் கூரை அளவு துணி அது. மூன்று முனைகளைத் தவிர வேறெங்கும் பிடிப்பு கிடையாது. சரியாக நின்றால் படகுக்கு முன்னால் குண்டாக உப்பிக்கொண்டு இழுத்துப்போகும். சரியாக நிற்காவிட்டால் என்ன செய்யும் என்பது அந்தப் பதினொரு படிகளில் எதிலும் இல்லை.

ஏற்றுக்கயிற்றை மாட்டுகிற பெருமை மட்டும் தனக்கே வேண்டும் என்று ப்ரெபென் தவழ்ந்து வந்தான். மாட்டினான். முன்பாய்க்கு உள்பக்கமாக. அப்படியே இழுத்தால் இரண்டு பாயும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு வரும்.

"ப்ரெபென், அது உள்ள போவுது."

"படம் போட்டிருக்கு பாரு." அட்டையை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். படத்தில் இருந்த படகு எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது.

"ஆமா, சரிதான்" என்றாள். அவன் தவழ்ந்து திரும்பியதும் கழற்றி வெளிப்பக்கமாக மாட்டினாள். ஈவருக்கும் இதுபோல எத்தனையோ முறை சத்தமில்லாமல் மாற்றி மாட்டியிருக்கிறாள். அவனும் பெரிய மகான் ஒன்றும் இல்லை.

பாய் ஏறியது. நீலமும் மஞ்சளுமாகப் படாரென்று விரிந்தது. விபெக்கெ கைதட்டினாள்.

"பாத்தியா பொடில்! ஈவர் ஏத்துறப்ப ஊரே கேக்கிற மாதிரி கத்துவாரே?"

"கத்துவான்."

"இவரு ஒரு சத்தம் போடல பாரு."

என்னென்ன கெட்டுப்போகும் என்று தெரிந்ததால் ஈவர் கத்தினான். இவனுக்கு எதுவும் தெரியாது, அமைதியாக இருந்தான். பொடில் பாயின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஓரம் லேசாக மடங்கும்போது கயிற்றைக் கொஞ்சம் இழுக்க வேண்டும், இறுகும்போது கொஞ்சம் விட வேண்டும். ஒரு கணமும் கண்ணை எடுக்கக் கூடாது. ப்ரெபெனோ கயிற்றை வின்ச் உருளையில் இறுக்கிக் கட்டிவிட்டு, சுக்கானை வாங்கிக்கொண்டு, ஹெர்ரிங் மீன் வைத்த ரை தானிய ரொட்டியை எடுத்தான். பதினோராம் படி, 'பயணத்தை அனுபவியுங்கள்.'

ஸ்காரோ தீவை நெருங்கும்போது பின்னால் தண்ணீர் கறுத்து வந்தது.

"ப்ரெபென், காத்து வருது. கயித்த விடு."

"வரட்டுமே! வேகம் ஏழு தாண்டுதான்னு பாப்போம்."

"அப்படியே இருங்க, போட்டோ எடுக்கிறேன்" என்றாள் விபெக்கெ.

காற்று வந்து விழுந்தது. படகு முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்தது. ரொட்டியும் காப்பிக் குடுவையும் விபெக்கெயும் ஒரே மூலைக்கு உருண்டார்கள். வலது விளிம்பு தண்ணீருக்குள் போனது. ப்ரெபென் சுக்கானை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தான். அடியில் இருக்கும் சுக்கான் பலகை பாதி தண்ணீருக்கு மேலே இருந்ததால் அதனால் ஒரு பயனும் இல்லை.

பொடில் சறுக்கி வந்து வின்ச்சிலிருந்து கயிற்றைப் பிடுங்கி விட்டாள். அது விர்ரென்று ஓடியது. முழுக்க ஓடிவிட்டால் பாய் கொடிபோல் பறக்கும், படகு நிமிரும். ஓடியது, ஓடியது, பின்கோடிக் கப்பியில் போய் டக்கென்று நின்றது. பாய் உப்பியபடியே படகைச் சாய்த்துப் பிடித்திருந்தது.

"முடிச்சு போட்டியா?"

"பின்ன? போடலேன்னா கயிறு உருவிக்கிட்டு ஓடிடுமே!"

முன்பாய்க் கயிற்றின் நுனியில் எல்லோரும் முடிச்சு போடுவார்கள். பலூன் பாய்க்கு மட்டும் போடமாட்டார்கள். உருவிக்கொண்டு ஓட வேண்டும் என்பதற்காகவே போடமாட்டார்கள். நுனியைப் பார்த்திருக்க வேண்டியவள் அவள்தான். இவ்வளவு முட்டாள்தனத்தை அவள் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

ரொட்டிக் கத்தி காலடியில் கிடந்தது. எடுத்துக் கயிற்றை அறுத்தாள். நாலாவது இழுப்பில் அறுந்தது. பாய் படபடத்து விலகியது. படகு தண்ணீரை உதறிக்கொண்டு எழுந்தது. பாயை அள்ளிக்கொண்டே, ஏற்றுக்கயிற்றை விடச்சொல்லி, "ஈவர்!" என்று கத்தினாள். ப்ரெபென் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக் கயிற்றை விட்டான். அன்றைக்கு அவன் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு ஸ்வென்போர் வரும்வரை பொடில் ஈரப் பாயை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெயரைத் தன் வாய் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

துறையில் வழக்கம்போல் ஆட்கள் தங்கள் படகுகளில் காப்பியோடு உட்கார்ந்து, வருகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைக்கோல் தொப்பி போட்ட ஒருவர் எழுந்து முன்கயிற்றை வாங்கிக் கட்டினார். ஈரப் பாயைப் பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"அந்தப் பேய்க்காத்து!" என்றான் ப்ரெபென், நாலு படகுக்குக் கேட்கிற மாதிரி. "சொல்லாமக் கொள்ளாம வந்துச்சு. நான் சமாளிச்சிருப்பேன். இவ பயந்துபோய்க் கயித்தையே வெட்டிட்டா, பாவம்."

தொப்பிக்காரர் தலையாட்டினார். துறைகளில் இப்படித்தான், எல்லாக் குற்றமும் காற்றின் மேல்தான் போகும். ஈவரும் எத்தனையோ துறைகளில் இதே மாதிரி சொல்லியிருக்கிறான். அவள் பக்கத்தில் நின்று கயிறு சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பலூன் பாய்க் கயித்து நுனியில முடிச்சு போட்டிருந்தாரு" என்றாள் பொடில்.

அடுத்த படகுக்குள்ளிருந்து ஒரு பெண் தலையை நீட்டி ப்ரெபெனைப் பார்த்தாள்.

"ரெண்டு கயித்துலயுமா?" என்று தொப்பிக்காரர் மெல்லக் கேட்டார்.

"ரெண்டுலயும்."

அவர் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்.

ப்ரெபெனின் கழுத்து சிவந்தது. "சரி சரி, விடு. சாவியக் குடு, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"இல்ல."

"என்ன இல்ல?"

"படகு உனக்கு இல்ல, ப்ரெபென். பையை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் இறங்குங்க."

"உனக்கென்ன பைத்தியமா? திரும்பிப் போறதுன்னா முழுக்க எதிர்க்காத்து! தனியா எப்படிப் போவே?"

"மெதுவா."

"ஈவர் இருந்திருந்தா..."

"இருந்திருந்தா உன்ன அந்த ஸ்காரோ தீவுலயே இறக்கிவிட்டிருப்பான்."

விபெக்கெ முதலில் இறங்கினாள். ப்ரெபென் கரையில் நின்று இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். தொப்பிக்காரர் முன்கயிற்றை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தார். பொடில் எஞ்சினை முடுக்கிச் சுக்கானைப் பிடித்தாள். துறையை விட்டு வெளியேறும்போது ஈவர் அதை ஒருநாளும் அவளிடம் கொடுத்ததில்லை. கட்டுத்தூண்களுக்கு நடுவே திரும்பும்போது படகின் இடது பக்கம் ஒரு தூணில் உரசி, நீளமாகச் சத்தம் கேட்டது. காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

உரசட்டும். அவள் படகு.