ஆற்றங்கரைக் கொட்டகையில் யாருமில்லை

மொன்றியலில் வேலை தேடுவதைவிட மிளகாய் வறுக்க இடம் தேடுவது கஷ்டம். பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில் முதல் வருடமே பாலாம்பிகைக்கு இது தெரிந்துவிட்டது. ஒரு தாச்சி செத்தல் மிளகாயை அடுப்பில் போட்ட பத்தாவது நிமிடம் மூன்று தீயணைப்பு வண்டிகள் வாசலில் நின்றன. மேல்மாடிக் கிரேக்கர் பைஜாமாவோடு பனியில் நின்று இருமினார். இன்னொரு தரம் வறுத்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரன் கையெழுத்து வாங்கிப் போனான்.

அதனால்தான் ஆற்றங்கரைக்குப் போனார்கள். கப்பல் வருவது நின்று இருபது வருடத்துக்கு மேலான பழைய துறைமுக நிலம் அது. துருப்பிடித்த தண்டவாளம், புறா குடியிருக்கும் தானியக் கோபுரம், வரிசையாகச் சரக்குக் கொட்டகைகள். அதில் ஒன்றின் மூலையை ஒரு பிரெஞ்சுக்காரர் வாய்ப்பேச்சில் வாடகைக்கு விட்டார். நெடி ஆற்றோடு போய்விடும். ஏசுவதற்கு ஆளில்லை. பாலாம்பிகையின் கணவர் அரியரத்தினம் வறுப்பார், அவள் மில்லில் அரைப்பாள், கூட்டாளி எமிலியானுஸ் தன் வான் வண்டியில் கடைகளுக்கும் ரொறன்ரோவுக்கும் கொண்டுபோவான். மூன்று வருடம் அந்தத் தூள்தான் அவர்களுக்குச் சோறு போட்டது.

தொண்ணூற்றியேழு மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை, கொட்டகை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் படிவக் கட்டு. "போன்ஷூர்" என்றாள். தொடர்ந்து நீளமாகப் பிரெஞ்சு. அதில் அவர்களுக்கு விளங்கியது இரண்டே விஷயம்: பெயர் வேண்டும், பட்டியல் போடுகிறார்கள்.

அரியரத்தினம் அகப்பையைக் கீழே வைத்தார்.

"இஞ்சேரப்பா, பேர் எழுத வந்திருக்கினம்."

"ஆர் ஆக்கள்?"

"ஆராய் இருந்தா என்ன? பட்டியல் எண்டுறாள்."

எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்த கூட்டத்தின் கையில் வீட்டு இலக்கங்களோடு ஒரு பட்டியல் இருந்ததை அவர் கண்ணால் கண்டவர். பிறகு ஊரில், இராணுவத்தின் பட்டியலில் பெயர் இருந்த அவருடைய தம்பி, அதற்குப் பின் எந்தப் பட்டியலிலும் இல்லை.

எமிலியானுஸ் அதற்குள் பின்கதவால் நழுவி வானுக்குள் படுத்துவிட்டான்.

"நோ வேர்க். விசிற்," என்றார் அரியரத்தினம். "சும்மா விசிற்." இங்கே யாரும் வேலை செய்யவில்லை, பார்க்க வந்தவர்கள் என்று கையை விரித்தார்.

அவள் புகையும் தாச்சியைப் பார்த்தாள், மூடைகளைப் பார்த்தாள், கண்ணைத் துடைத்தாள். "இது உங்கள் நன்மைக்குத்தான்" என்று ஆங்கிலத்தில் மெதுவாக இரண்டு தரம் சொன்னாள். நன்மைக்கென்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால்தான் அரியரத்தினத்துக்கு அதிகம் பயம். அவர் அசையவில்லை. கடைசியில் அவள் என்னவோ எழுதி, பெயரும் கையெழுத்தும் கேட்டாள்.

பெயரைக் கொடுக்காமல் அவள் போகமாட்டாள் போலிருந்தது. அரியரத்தினம் வாயில் வந்ததைச் சொன்னார். "பீற்றர் சில்வா." அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டார். வெள்ளவத்தையில் பெட்ரோல் கலனோடு மறித்தவர்களிடம் சிங்களத்தில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவர் அன்று உயிர் தப்பினார்.

அவள் போனதும் எமிலியானுஸ் எட்டிப் பார்த்தான். "அண்ணை, நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன். பீற்றர் எண்ட பேரை என்னட்டக் கேட்டெல்லோ எடுத்திருக்க வேணும்!"

மூவரும் சிரித்தார்கள். மிளகாய் கருகிவிட்டது என்று பாலாம்பிகை கத்தினாள்.

ஆகஸ்டில் கொட்டகைக் கதவில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. மகள் தாட்சாயினி கல்லூரி விட்டு வந்து, நின்றபடியே வாசித்தாள்.

"அம்மா, இடிக்கப்போகினம். மொன்றியலும் பக்கத்து நகரசபையும் சேந்து இதில புதுசா குடியிருப்புக் கட்டுகினமாம். செப்டெம்பர் முடியிறதுக்குள்ள வெளிக்கிடோணும்."

"எங்க போறது?"

"பொறுங்கோ. இஞ்ச வேலை செய்யிற ஆக்களுக்குப் புது இடத்தில பட்டறை குடுக்கினமாம். அதே வாடகை." அவள் முகம் மலர்ந்தது. "மார்ச் மாசம் எடுத்த பட்டியல்ல பேர் இருந்தாச் சரி."

அரியரத்தினம் கதிரையில் உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் முழுக்க தாயும் மகளும் அலைந்தார்கள். இரு நகரங்களின் எல்லைக்கோடு அந்தக் கொட்டகைக்கு நடுவால் போகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. உங்கள் கதவு அந்தப் பக்கம், அங்கே போங்கள் என்றது மொன்றியல். உங்கள் மின்சாரம் மொன்றியலிலிருந்து வருகிறது, அங்கே கேளுங்கள் என்றது மற்றது. வாடகைக்கு விட்டவரோ தொலைபேசியை எடுக்கவேயில்லை. கடைசியில் இரு நகரங்களுக்கும் பொதுவான திட்ட அலுவலகத்தில் ஒரு தமிழர் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். அரியரத்தினத்தையும் கூட்டிக்கொண்டு மூவருமாகப் போனார்கள்.

மணிவாசகம் சென்னை எஞ்சினியர். புறநகர் பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு, இருபது வருடத்துக் கனடா. தமிழ்க் குரல் கேட்டதும் எழுந்து நாற்காலி போட்டார்.

"மிளகாப் பொடியா? உங்க பொடிதாங்க எங்க வீட்ல! என் வொய்ஃப் சரளா வேற எதையும் தொடமாட்டா." மேசையில் வரைபடத்தை விரித்தார். "பாருங்க, இதான் பட்டறைத் தெரு. எல்லாத்துக்கும் புகைபோக்கி வச்சிருக்கோம். நானே போட்ட பிளான்."

பாலாம்பிகை அந்தச் சிறிய சதுரங்களைக் குனிந்து பார்த்தாள். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு வட்டம். அதுதான் புகைபோக்கி.

மணிவாசகம் கோப்பைத் திறந்தார். முகம் மாறியது.

"உங்க கொட்டகையில யாருமே வேலை செய்யலைன்னு இருக்கேம்மா."

"அது பிழை, ஐயா. நாங்கள் மூண்டு வருசமா இருக்கிறம்."

"எனக்குத் தெரியுதும்மா. ஆனா லிஸ்ட் மூடியாச்சு. ரெண்டு சிட்டியும் ஒத்துக்கிட்ட லிஸ்ட், நான் கை வைக்க முடியாது." விரலை வரிவரியாக ஓட்டினார். "ஒரே வழி இருக்கு. தகவல் கொடுத்தவர் அடையாள அட்டையோட வந்து, நான் தப்பாச் சொல்லிட்டேன்னு எழுதிக் கொடுத்தாத் திருத்தலாம். பீற்றர் சில்வான்னு போட்டிருக்கு. யார் அவர்?"

அப்பாவின் கையெழுத்து தாட்சாயினிக்குத் தெரியும். அவள் தாளைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"அவர்... ரொறன்ரோவுக்குப் போயிட்டார்," என்றார் அரியரத்தினம்.

"போன் நம்பர்?"

"இல்லை."

மணிவாசகம் தாளையும் அரியரத்தினத்தின் கைகளையும் மாறிமாறிப் பார்த்தார். மிளகாய்ச் சிவப்பு ஏறிய நகங்கள். குரலைத் தாழ்த்தினார். "சார், இவர் எங்கேயும் போகலைன்னா சொல்லிடுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. ஆனா பேரை மாத்திச் சொன்னதுக்கு மேல என்ன பண்ணுவாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. நான் பொறுப்பு ஏத்துக்க முடியாது."

வெளியே பஸ் தரிப்பில் அரியரத்தினம் திடீரென்று திரும்பி நடக்கத் தொடங்கினார். "நான் போய்ச் சொல்லுறன். நான்தான் எண்டு சொல்லுறன்."

பாலாம்பிகை அவர் கையைப் பிடித்தாள். "ஒக்டோபரில உங்களுக்குச் சிற்றிசன் சோதனை."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமோ? அங்க உள்ளுக்க இருக்கிறவருக்கே தெரியேல்ல."

"அப்பா, லோயரைக் கேப்பம்," என்றாள் தாட்சாயினி.

"கேட்டு? அந்தாள் எழுதி அனுப்ப, அதைச் சிற்றிசன் கந்தோரில ஆரும் பாக்க?" பாலாம்பிகை கையை விடவில்லை. "புகைபோக்கி இல்லாமலும் இருக்கலாம். விடுங்கோ."

அவர் விட்டார். வெள்ளிக்கிழமை வந்தது, போனது.

செப்டெம்பர் கடைசி வாரம் எமிலியானுஸ் மில்லை வானில் ஏற்றினான். அதை வைக்க ஒருவரிடமும் இடமில்லை. பியர்பொன்ட்ஸில் வேறொருவரிடம் கராஜ் இருக்கிறது என்றார்கள்; அயலவர் முறைப்பாடு செய்வார் என்று சொல்லி, அந்த மனிதரும் இரண்டு நாளில் மறுத்துவிட்டார். மில் வானிலேயே கிடந்தது. தூள் கொண்டுபோன எமிலியானுஸ் பீற்சா கொண்டுபோகத் தொடங்கினான்.

ஒரு ஞாயிறு ரொறன்ரோவிலிருந்து கடைக்கார றோசலின் தொலைபேசியில் அழைத்தாள்.

"என்ன அக்கா, தூளைக் காணேல்ல? ஆக்கள் கடையில நிண்டு என்னைத் தின்னுகினம்."

"இனி இல்லை, றோசலின். கொட்டகையை இடிச்சுப்போட்டாங்கள்."

"அட கடவுளே! அதில என்ன வரப்போகுது?"

"வீடுகள். ரெண்டு நகரத்துக்கும் பொதுவா. பட்டறைகளும் வருது."

"ஆத்தங்கரையில புது வீடோ! நல்ல இடமெல்லோ அக்கா. மூண்டு வருசம் அதிலயே கிடந்தனீங்கள், கேட்டா உங்களுக்குத் தராமலே விடுவாங்கள்? வாயைத் திறந்து கேளுங்கோவன்!"

பாலாம்பிகை ரிசீவரைக் காதில் வைத்தபடி பக்கத்து அறையைப் பார்த்தாள். அரியரத்தினம் குடியுரிமைச் சோதனைப் புத்தகத்தை மடியில் வைத்து, கனடாவின் மாகாணங்களை ஒவ்வொன்றாகப் பாடமாக்கிக்கொண்டிருந்தார்.

"ஓம்," என்றாள். "பிறகு கேட்டுப் பாப்பம்."