நிலாந்தினியிட்டைக் குடுங்கோ

எங்கள் அனலைதீவில் இரண்டு கோபுரங்கள் உண்டு. ஒன்று கோயிலுடையது, மற்றது தொலைபேசிக் கொம்பனியுடையது. கோயில் கோபுரத்தடியில் நின்று கூப்பிட்டால் என்றைக்காவது கேட்கும் என்று ஒரு நம்பிக்கையாவது இருக்கிறது. கொம்பனிக் கோபுரத்தின் பற்றரி செத்து எவ்வளவோ காலம். கரண்ட் நின்றால் அதுவும் நின்றுவிடும். போன ஆனியில், கரண்ட் திரும்பி வந்த பிறகும் அது எழும்பவில்லை.

அந்தக் கிழமைதான் வானொலியில் செய்தி சொன்னார்கள். நாட்டின் சேவைத் துறை போன காலாண்டில் வளர்ந்திருக்கிறதாம். நடுவில் புள்ளி வைத்த ஒரு எண்ணை மிகுந்த மரியாதையோடு வாசித்தார்கள். வளர்ச்சிக்கு முன்னின்றது தொலைத்தொடர்பாம். நான் மாத்தறையில் பலசரக்குக் கடை நடத்தி, அதைத் தொலைத்துவிட்டு ஊர் திரும்பியவன். கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர், கோயில் ஒலிபெருக்கிக்குப் பொறுப்பாளர் என்று, வேறு யாரும் வேண்டாம் என்ற பதவிகள் எல்லாம் என்னிடம்தான். ஆகவே வளர்ச்சி பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். விற்பனை கூடினால் அது வளர்ச்சி. விற்ற பருப்பில் புழு இருந்ததா என்பது அந்த எண்ணுக்குள் வராது.

அடுத்த நாள் மத்தியானம் பக்கத்து வளவுச் சசிகரனின் மனைவி பவதாரணிக்குக் குறித்த நாளுக்கு முன்னமே பிள்ளை வலி எடுத்தது. ஆஸ்பத்திரிப் படகைக் கூப்பிட வேண்டும். வீட்டில் சிக்னல் இல்லை, ஊரில் எங்கேயும் இல்லை. இறங்குதுறை நுனியில் போய் நின்றால் மட்டும் ஊர்காவற்துறைப் பக்கத்திலிருந்து கடலைத் தாண்டி மெலிதாக ஏதோ வரும். சசிகரன் வெய்யிலில் சைக்கிள் மிதித்து அங்கே போய்ப் படகைக் கூப்பிட்டு, திரும்பி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனான். பிள்ளை நடுக்கடலில் பிறந்தது. நீலம் பாரித்துப் பிறந்தது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

அவன் துறை நுனியை அடைந்தபோது கைபேசிக்கு முதலில் வந்து விழுந்தது கொம்பனியின் எஸ்.எம்.எஸ். ‘எமது காலாண்டு வளர்ச்சியில் பங்காளியான உங்களுக்கு நன்றி.’ சசிகரன் அதை அழிக்கவில்லை. ஊருக்கு வந்தபோதெல்லாம் ஒவ்வொருவருக்கும் காட்டினான். வாசித்தவர்கள் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் மட்டும் பேசினேன். அதுதான் வினை.

தீவு ஆட்களுக்கு ஒரு பழக்கம். ஆஸ்பத்திரியோ அரசாங்கக் கச்சேரியோ வங்கியோ, வாசற்படியில் கால் வைக்கும்போதே ‘இஞ்சை எங்கட ஆக்கள் ஆர் நிக்கினம்?’ என்று கேட்போம். முகம் தெரியாதவனிடம் சொன்ன காரியம் நடக்காது என்பது எங்கள் சமயத்தின் ஒரு பகுதி. அந்தக் கொம்பனியில் எங்கள் ஆள் ஒருத்தி இருந்தாள். காலமாகிவிட்ட என் தமையன் தியாகலிங்கத்தின் மகள் நிலாந்தினி.

வாடிக்கையாளர்கள் தொலைபேசி எடுத்தால் பதில் சொல்லும் வேலை. சேர்ந்து ஒரு காலாண்டு முடியும் தறுவாய். முடிந்தால் நிரந்தரம், இல்லையென்றால் வீடு. தாயும் படிக்கிற தம்பியும் அந்தச் சம்பளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டிலிருந்தே செய்யலாம் என்றுதான் வேலைக்கு எடுத்தார்கள். ஆனால் தீவுச் சிக்னலை நம்ப முடியாததால் அவள் காலைப் படகில் ஊர்காவற்துறைக்குப் போய், அன்ரனிட்டாவின் தையற்கடைப் பின்னறையில் இருந்துதான் செய்தாள். தையல் மெசின் சத்தம் கேட்டு யாராவது விசாரித்தால், மழை பெய்கிறது என்பாளாம்.

நான் கோயில் ஒலிபெருக்கியைப் போட்டேன். “எல்லாரும் துறைக்குப் போய்க் கொம்பனிக்கு எடுங்கோ. அனலைதீவுத் தியாகலிங்கத்தின்ர மகள் நிலாந்தினியிட்டைக் குடுங்கோ எண்டு சொல்லுங்கோ. வேற ஆரோடையும் கதைக்காதேங்கோ.” ஒலிபெருக்கியில் என் குரல் நன்றாக இருக்கும். அந்தக் குரலுக்குப் பொருத்தமான மூளையைத்தான் கடவுள் தர மறந்துவிட்டார்.

ஊர் முழுவதும் கேட்டது, நிலாந்தினியின் தாய் உட்பட. அவவும் போய் எடுத்திருக்கிறா.

அன்று பின்னேரப் படகில் வந்து இறங்கியவள் நேரே என்னிடம் வந்தாள்.

“சித்தப்பா, உங்களுக்கு விசரே?”

“ஏன் பிள்ளை, சனம் எடுத்ததோ?” என்றேன், பெருமையோடு.

“எடுத்தது. அங்கை எனக்குப் பேர் நிஷா. சொந்தப் பேர் சொல்லக்கூடாது, ஊர் சொல்லக்கூடாது. அன்னபூரணம் மாமி ஒரு சிங்களப் பெடியனிட்டை, ‘தம்பி, நீர் வையும், எங்கட பிள்ளை இருக்கிறா, அவவிட்டைக் குடும்’ எண்டிருக்கிறா. அவன் பாவம், ஆர் நிலாந்தினி எண்டு எல்லாரிட்டையும் கேட்டுத் திரிஞ்சிருக்கிறான். இப்ப மேற்பார்வையாளருக்குத் தெரியும், நான் எங்கத்தை ஆள் எண்டு.”

“தெரிஞ்சால் என்ன?”

“யாழ்ப்பாணம் ரவுணில இருக்கிறன் எண்டுதான் எழுதிக் குடுத்தனான். சிக்னல் இல்லாத இடத்து ஆக்களைக் கொம்பனிக்காரர் வேலைக்கு எடுக்க மாட்டினம்.”

“ஆற்ற சிக்னல்?”

“அவையின்ர சிக்னல்தான்.”

நான் சிரிப்பை அடக்கினேன்.

“ஓம் சித்தப்பா. அவையின்ர சிக்னல் இல்லாத இடத்து ஆக்களை அவை எடுக்க மாட்டினம். சிரிப்பு வருதோ? எனக்கு வரேல்லை.”

பிறகு மிச்சத்தைச் சொன்னாள். எல்லோருடைய முறைப்பாட்டையும் செயலாளர் என்று என் பெயரில் ஒன்றாக்கிவிட்டார்களாம். காலாண்டு முடிகிறது, தீராத முறைப்பாடு எதுவும் மிஞ்சக் கூடாதாம். நாளைக் காலை அவளைக் கொண்டே எனக்கு எடுப்பிப்பார்களாம். நான் ‘தீர்ந்தது’ என்று சொன்னால் முறைப்பாட்டை மூடிவிட்டு, அவளுடைய விலாசத்தைப் பற்றியும் மறந்துவிடுவதாக மேற்பார்வையாளர் சொன்னாராம்.

“அப்ப ரவர்?” என்றேன், கொம்பனிக் கோபுரத்தின் பக்கம் கையைக் காட்டி.

“ரவரைப் பற்றி அவர் ஒண்டும் கதைக்கேல்லை.”

“நீ என்ன சொல்லுறாய் பிள்ளை?”

“என்னைக் கேக்காதேங்கோ. கேள்வி உங்களிட்டைத்தான் வரும்.”

காலையில் துறை நுனிக்குப் போனபோது பாதி ஊர் எனக்கு முன்னால் வந்து நின்றது. சசிகரனும் நின்றான், உடுப்பு எடுக்க வந்தவன். “பிள்ளை எப்பிடி?” என்று கேட்டேன். “பெட்டிக்குள்ளதான்” என்றான். கைபேசி அடித்தது.

“வணக்கம். நான் நிஷா பேசுகிறேன். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது. உங்கள் பகுதியின் சேவைத் தடை தொடர்பான முறைப்பாடு தீர்ந்துவிட்டதா?”

குரலுக்குப் பின்னால் தையல் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. என் தமையனின் வீட்டு அடுப்பு எனக்கு ஞாபகம் வந்தது. அந்த அடுப்பை எரிய வைக்க ஒரு சொல் போதும். வேறு நேரமென்றால் ஒரு பகிடி விட்டுத் தப்பியிருப்பேன்.

“ஓம்” என்றேன். “தீர்ந்தது.”

“என்ன அண்ணை சொல்லுறீர்?” என்றான் சசிகரன். எப்போதும் என்னை ‘நீங்கள்’ போட்டுக் கதைக்கிறவன்.

மறுபக்கத்தில் மெசின் நின்றுவிட்டது. பிறகு அவளுடைய சொந்தக் குரல் வந்தது.

“ஐயா, இப்ப எங்கை நிண்டு கதைக்கிறீங்கள்?”

“துறையில.”

“வீட்டை நடந்து போங்கோ. போனை வையாமல் கதைச்சுக்கொண்டு போங்கோ. வீட்டு வாசலில நிண்டு தீர்ந்தது எண்டு சொல்லுங்கோ. நான் லைனில நிக்கிறன்.”

லைனில் கேட்டுக்கொண்டிருந்த மேற்பார்வையாளரின் குரல் குறுக்கே விழுந்தது. “மிஸ், அது தேவையில்லை.”

“தேவை, சேர். பதிவில இருக்கட்டும்.”

நான் நடந்தேன். சனம் பின்னால் வந்தது. “கேக்குதோ?” என்றாள். “கேக்குது” என்றேன். வலை காயப்போட்டிருந்த இடத்தைத் தாண்டும்போது அவளுடைய குரலில் கரகரப்பு ஏறியது. “இப்ப?” என்றாள். “கேக்குது பிள்ளை.” சங்கக் கட்டடத்தடியில் “இப்...” என்று மட்டும் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

லைனில் நிற்கிறேன் என்றவளை ஏமாற்ற மனமில்லாமல் வீட்டு வாசல் வரைக்கும் போனேன். அங்கே நின்று அந்தச் செத்த கைபேசிக்குள் கத்தினேன். “தீரேல்லை. ஒரு மண்ணும் தீரேல்லை. நடுக்கடலில பிள்ளை பிறந்தது உங்கட எந்தக் காலாண்டில வருது, சொல்லுங்கோ. ரவரை நட்டு, காசை வாங்கி, நன்றி சொல்லி எஸ்.எம்.எஸ் அனுப்பத் தெரியுது. ஒரு பற்றரி மாத்த ஏலாதோ உங்களுக்கு?” தொண்டை கட்டும்வரை கத்தினேன். சசிகரன் கைபேசியை என் கையிலிருந்து பறித்து, அவனும் கத்தினான். அவன் சொன்னவற்றை எழுத முடியாது. அவ்வளவும் நியாயம்.

பின்னேரப் படகுக்குத் துறையில் நின்றேன். நிலாந்தினி கடைசியாக இறங்கினாள்.

“வேலை போட்டுதோ?” என்றேன்.

“ஓம். மத்தியானமே வரவேண்டாம் எண்டிட்டினம். முறைப்பாட்டை நான் மூட விடேல்லை. ஆள் கதைச்சுக்கொண்டு நடக்கேக்கை லைன் அறுந்தது எண்டு அதிலை எழுதிப்போட்டுத்தான் எழும்பினனான்.”

“அம்மாவுக்கு நான் சொல்லுறன்.”

“வேண்டாம். நீங்கள் சொன்னது போதும்.” கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். அவள் அழவில்லை. கோபத்தில் அவளுடைய முகம் என் தமையனின் முகம் போலவே இருந்தது. “அந்தப் பொய்யை எனக்காகச் சொன்னீங்கள். அது எனக்குத் தெரியும். சசிகரன் அண்ணை பக்கத்திலதானே நிண்டவர். அவற்ற முகத்தைப் பாத்தோ சொன்னீங்கள்?”

“இல்லைப் பிள்ளை” என்றேன். “கடலைப் பாத்துச் சொன்னனான்.”