சனிக்கிழமைக் கட்டம்

மார்ச் 9, திங்கள். கண் டாக்டர் சீட்டில் லென்ஸின் அச்சு பத்து டிகிரி என்று இருந்தது. நூற்று எழுபதில் வைத்து லென்ஸை அரைத்துவிட்டேன். முதலாளி பார்ப்பதற்குள் நானே கண்டுபிடித்தேன் என்றாலும் தவறு தவறுதான். காரணம்: கவனக்குறைவு (?).

இவ்வளவையும் எழுதிவிட்டுச் சின்னவள் பேனாவை மூடினாள். வீட்டில் இளையவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். இருபத்துமூன்று வயதிலும் உதிரவில்லை. பகலில் மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் லென்ஸ் அரைப்பாள். வாரத்தில் நான்கு மாலைகள் அதே தொழிலுக்கான டிப்ளமோ வகுப்பு. இரவல் வாங்கிய பென்சிலைக்கூடக் குறித்துவைக்கிற ரகம்.

நோட்டில் நாளுக்கு ஒரு வரி, வரிக்கு நான்கு கட்டம்: தூக்கம், மனநிலை பத்துக்கு எத்தனை, கோபம் வந்ததா, மாத்திரை போட்டதா. இந்தக் கட்டங்களைப் போடச் சொன்னவர் மனநல டாக்டரம்மா. யாரும் விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயத்தில் மனம் கோடிக்குக் கோடி ஆடுகிற நோய்க்கு, பார்டர்லைன் என்று பெயர் சொன்னவரும் அவர்தான். மாத்திரை அதை வேரோடு பிடுங்காது, ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கும், மிச்சத்தைப் பேசிப் பேசித்தான் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார். மாதம் ஒருமுறை நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் அளவைத் தீர்மானிப்பார். இரண்டு மாதமாகக் கூட்டிக்கொண்டே வந்தார்.

நோட்டில் வராதது சனிக்கிழமை மாலை. வகுப்பில் கூடப் படிக்கும் ஒருத்தி, யாரைப் பிடித்தாலும் விடமாட்டாள் என்பதால் நண்டு. அவளுடைய மாடி அறையில் ஆளுக்கொரு போதை மாத்திரை. விழுங்கி நான்கு மணி நேரத்துக்கு, உலகத்தில் ஒருவரும் தன்னை விட்டுப் போகமாட்டார்கள் என்று சின்னவளுக்கு இருக்கும். அந்த நான்கு மணி நேரத்துக்காகத்தான் வாரத்தையே ஓட்டினாள்.

இதையும் அதையும் கலக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் டாக்டரம்மாவின் மாத்திரையை நிறுத்திவிடுவாள். "என்ன சாமியாரம்மா, ரெண்டு நாள் விரதமா?" என்று நண்டு கிண்டலடிப்பாள். சின்னவள் அதைப் பொறுப்பு என்று நம்பினாள். ஆனால் அவளைத் தன் வீட்டில் வைத்திருந்த அக்கா திங்கள் மாலை மாத்திரை அட்டையை எண்ணுவாள். எண்ணிக்கை இடிக்கக் கூடாதே என்று, விடுபட்ட இரண்டையும் திங்கள் காலையில் அன்றையதோடு சேர்த்து விழுங்குவாள். மூன்று கட்டத்திலும் 'போட்டேன்' என்று எழுதுவாள். பொய்யில்லை, போடத்தானே போட்டாள்.

மார்ச் 9 அன்று மாலை அக்கா ஆறரைக்கு வரவேண்டியவள் ஏழு மணியாகியும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. சின்னவள் இருபத்துமூன்று முறை கூப்பிட்டாள். வேலைபார்க்கும் பள்ளிக்கூட அலுவலகத்தில் மீட்டிங் நீண்டுபோய் அக்கா வந்து செருப்பைக் கழற்றும்போது, சின்னவளின் கையிலிருந்த பீங்கான் கோப்பை சுவரில் மோதிச் சிதறியது. நீயும் என்னைத் தலைமுழுகத்தானே பார்க்கிறாய் என்று தொடங்கி, அக்காவின் பிரிந்துபோன கணவன்வரை இழுத்துவிட்டாள்.

அக்கா குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள்.

"நாளைக்கு டாக்டர் பெரிய மாத்திரை ஒண்ணு ஆரம்பிக்கறாங்க. தூக்கமா தூக்கும், மெஷின் பக்கம் போகக் கூடாதாம். பட்டறை வேலைய விட்டுரு. அதுக்கும் நீ அடங்கலேன்னா என்னால முடியாதுடி."

சின்னவள் அறைக்குள் போய் உட்கார்ந்தாள். அழுகை அடங்க நேரமாயிற்று. டாக்டரம்மா மூன்று மாத மனநிலையை வரைபடமாகக் கேட்டிருந்தார். கட்டத்தாளை எடுத்துப் பன்னிரண்டு வாரப் புள்ளிகளையும் வைத்துக் கோட்டால் இணைத்தாள். கோடு ஒவ்வொரு திங்களும் குழிக்குள் விழுந்தது. ஒரே ஒரு திங்கள் விழவில்லை: ஜனவரியில், நண்டு ஊருக்குப் போயிருந்த வாரம்.

ஒரே ஒரு வாரத்தை வைத்து முடிவுகட்டலாமா என்று தனக்குத் தானே வழக்காடினாள். தூக்கத்தைப் பொருத்திப் பார்த்தாள், பரீட்சைகளைப் பொருத்திப் பார்த்தாள், மாதவிலக்குத் தேதிகளையும் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை.

வாயை மூடிக்கொண்டால் வேலை போகும், வீடு மிஞ்சும், சனிக்கிழமையும் மிஞ்சும். அதையும் ஒருமுறை யோசித்தாள். பிறகு தாளோடு சமையலறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

அக்கா அடுப்பை அணைத்தாள். "அப்ப நான் வாராவாரம் எண்ணினது?"

"எண்ணிக்கை சரிதான்கா."

அக்காவுக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து பாதியில் நின்றது. "மருந்த ஏத்துங்கன்னு அந்த டாக்டர்கிட்ட கெஞ்சினது நான்டி. ரெண்டு தடவ."

சின்னவள் கட்டத்தாளை அடுப்பு மேடையில் வைத்தாள்.

"போதை சமாச்சாரம் இந்த வீட்டுக்குள்ள வராதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தானே உன்னைச் சேர்த்தேன்?"

"வீட்டுக்குள்ள கொண்டு வரலக்கா."

"உனக்குள்ள வச்சுக் கொண்டு வந்தியே."

மாதக் கடைசிக்குள் வேறு அறை பார்த்துக்கொள்ளச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் சின்னவளும் கத்தியிருப்பாள், கத்தினால் பழைய சண்டையில் ஒன்றாகக் கரைந்து போயிருக்கும். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்த் தாழ்போட்டாள். சின்னவள் அந்தக் கதவைத் தட்ட இரண்டு முறை போனாள், இரண்டு முறையும் திரும்பினாள். நண்டிடமிருந்து செய்தி வந்தது: சனிக்கிழமை புதுச் சரக்கு. அழிக்கவும் இல்லை, பதில் போடவும் இல்லை.

வகுப்பு ஆய்வக நோட்டில் தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். பதினொரு சனிக்கும் பதினொரு ஞாயிற்றுக்கும் அப்படியே செய்தாள். 'போட்டேன்' மேல் கோடு, பக்கத்தில் 'போடவில்லை'. சனிக்கிழமைகளில் கூடுதலாக, விழுங்கியது என்ன, எத்தனை. திங்கட்கிழமைகளில் 'மூன்று'. கடைசி வரிகளில் கையெழுத்து கோணிப்போயிற்று. இவ்வளவு துல்லியமும் தன்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளத்தானோ என்று பட்டது. பட்டதையும் ஓரத்தில் எழுதினாள்.

பிறகு புதுப் பக்கம்.

மார்ச் 10, செவ்வாய். காலை ஒன்பதரை, டாக்டரம்மா. புது மாத்திரைச் சீட்டை அவர் எழுதும் முன் நோட்டைக் கொடுக்க வேண்டும். அக்கா வரமாட்டாள். தனியாகப் போக வேண்டும்.