அடர் ரோஸ்

"அந்த அடர் ரோஸ் கல்லை எடு. சபையில கும்முனு இருக்கணும்" என்றார் அத்தான்.

அவருடைய ஆய்வுக்கூடத்தில் படிகம் வளர்க்கும் அவள், அவர் மனைவியின் தங்கை, எடுத்துக் கொடுத்தாள். அவர் படிகத்தை விளக்கில் தூக்கிப் பார்த்து, பெண் பார்க்க வந்தவர் போலத் தலையாட்டினார். பக்கத்திலிருந்த வெளிறிய கல்லை அவர் சீண்டவே இல்லை. அது அவளுடைய கறுப்புத் தகர டப்பாவுக்குள் போனது.

இரண்டும் அவள் வளர்த்தவை. கண்ணாடிக் குழாயில் கரிமப் பொருளை உருக்கி, உலைக்குள் ஆமை வேகத்தில் இறக்கி இறக்கி உறைய வைத்தவை. மஞ்சள் ஒளி பட்டால் கல்லில் கலந்த சாயத்தின் மூலக்கூறுகள் விழித்துக்கொண்டு, ஈனஸ்வர மைக்ரோவேவ் சமிக்ஞையைப் பெருக்கிக் கொடுக்கும். உறைகுளிர் வேண்டாம், சாதாரண அறை போதும். ஆனால் சாயம் கூடினால் ஒளி கல்லின் தோலோடு நின்றுவிடும்; சமிக்ஞை பெருகாது. நிறம் தூக்கலாக இருந்தால் கல் சரக்குள்ளது என்று நினைக்க, ஒருநாளும் உலைப்பக்கம் எட்டிப் பார்க்காத அத்தானால்தான் முடியும்.

இந்தக் கற்களைப் பற்றி அத்தான் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அவள் பெயர் இல்லை. கேட்டதற்குச் சாப்பாட்டு மேசையில் சிரித்தார்.

"குடும்பத்துக்குள்ள என்னம்மா பேரு, ஊரு? கல்லு வளர்க்கிறது சமையல் மாதிரி. சமைச்சவ பேரைத் தட்டுலயா எழுதுவாங்க?"

அக்காவும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் இன்னும் உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

கல்லின் செயல்விளக்கத்துக்கு அரங்கம் நிறைந்திருந்தது. புது ஆய்வுக்கூடத்துக்குத் தலைவர் யார் என்று முடிவு செய்யப் போகிறவர்கள் முன்வரிசையில். அவர்களோடு பட்டுப் புடவையில் அக்கா. மேடைக்குக் கீழே ஓரத்தில், கருவிக்குப் பக்கத்து நாற்காலியில் அவள்; மடியில் தகர டப்பா.

மஞ்சள் ஒளி பளிச்சிட்டது. திரையில் கோபுரமாய் எழ வேண்டிய கோடு, படுத்த படுக்கையாய்க் கிடந்தது.

"இன்னொரு தடவை" என்றார் அத்தான். பளிச். கோடு அசையவில்லை. யாரோ இருமினார்கள். அவளுக்கு அந்த இருமல்கூட இனித்தது.

அத்தான் அவளிடம் குனிந்தார். நெற்றியில் வியர்வை.

"அந்த வெளிர் கல்லு எங்க?"

"எது, நீங்க சீண்டாத மிச்சம் மீதியா அத்தான்?"

"விளையாடாத. மானம் போகுது. கொடு!"

"மைக்குல கேளுங்க. யாரு வளர்த்ததுன்னு சொல்லிக் கேளுங்க."

"பழி வாங்குறியா?"

"பரிமாறுறேன்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். 'கொடுத்துடுடி' என்று உதடு மட்டும் அசைந்தது. இப்போது அந்த முகத்தில் சிரிப்பில்லை.

அத்தான் மேடைக்கு நடந்தார். மைக்கை வாயருகே கொண்டுபோனார். வார்த்தை வருவதற்குள் ஒலிபெருக்கி வீலென்று அலறியது. மொத்த அரங்கமும் காதைப் பொத்திக்கொண்டது.

தன் பெயர் வருகிறதா என்று கேட்க, அவள் பொத்தவில்லை. மடியிலிருந்த டப்பாவின் மூடி மேல், அவள் கட்டைவிரல் அசையாமல் இருந்தது.