வெண்டைக்காய் மாப்பிள்ளை

பெண் கேட்டு அந்த வீட்டுக்குப் போன அன்று அவனோடு பெரியவர்கள் யாரும் வரவில்லை. வளர்த்த சித்தி முன்பே இறந்துபோயிருந்தாள். கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவன் அவன். தன் அப்பாவின் மூக்குக்கண்ணாடியை மாற்ற வந்தவள் அவள். கண்ணாடி ஒரே வாரத்தில் தயாராகிவிட்டது. அவள் மட்டும் ஏழெட்டு முறை வந்தாள். இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை என்று ஆனதும், வந்து அப்பாவிடம் பேசிவிடும்படி சொன்னாள்.

படியேறும்போது ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவைத்தாள். அப்பா கல்லூரி விடுதியில் தலைமைச் சமையல்காரர். வேறு எதைப் பேசினாலும் பேசாவிட்டாலும் பரவாயில்லை, சாப்பாட்டைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் வெண்டைக்காய் வறுவல் இருந்தது.

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வெண்டைக்காய் ஆகாது. சித்தி வீட்டில் அதை வேகவைத்துத்தான் போடுவார்கள். கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாகக் கூடவே வரும். வேண்டாம் என்று சொல்லக்கூடிய வீடு அல்ல அது. தட்டில் மிச்சம் வைத்தால் சித்தி திட்டமாட்டாள். மறுநாள் காலையில் அதே தட்டு அதே மிச்சத்தோடு அவன் முன்னால் வந்து உட்காரும். மெல்லாமல் விழுங்குவதை ஏழு வயதுக்குள் கற்றுக்கொண்டான்.

அந்த வறுவல் மொறுமொறுப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு துண்டின் நடுவிலும் அந்தப் பழைய கொழகொழப்பு ஒரு துளி ஒளிந்திருந்தது. அவன் அத்தனையையும் முதலிலேயே விழுங்கி முடித்தான். தட்டில் அந்த இடம் காலியாகிவிட, அவள் அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்ற பதற்றத்தில் வாயில் வந்தது வெளியே விழுந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் வைங்க."

அவர் கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றார். "முப்பத்திரண்டு வருஷமா நானூறு பேருக்கு ஆக்கிப் போடுறேன். வெண்டைக்காயை ரெண்டாவது தரம் கேட்ட மொத ஆள் நீங்கதான்" என்றார். விடுதிப் பையன்கள் அதற்குச் 'சளி' என்று பெயர் வைத்திருந்தார்களாம். தட்டைக் கவிழ்த்துக் காட்டி, விழவில்லை பார் என்று சிரிப்பார்களாம். அவர் அதை ஒரு சவாலாகவே எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் போராடியிருக்கிறார். சம்பளம் என்ன, சொந்த வீடு உண்டா என்றெல்லாம் கேட்க நினைத்திருந்த மனிதர் அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. அடுத்த மாதமே கல்யாணம் முடிந்தது.

அவளுக்கு அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. அப்பாவைத் தனியாக விட மனம் வரவில்லை. இங்கேயே இருந்துவிடலாமா என்று கேட்டாள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று கடையில் ஃப்ரேம் மாட்டும் அண்ணன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இருந்தும் அவன், "எனக்கும் அதான் வசதி" என்றான். வீட்டோடு மாப்பிள்ளை ஆனான். மாமனாரின் கூட்டாளிகள் நடுவே அவனுக்கு வேறொரு பெயர்: வெண்டைக்காய் மாப்பிள்ளை.

மாமனார் வேலையில் இருந்தவரை வெண்டைக்காய் வாரத்துக்கு ஒரு நாளோடு போயிற்று. ஓய்வு பெற்று வந்த பிறகு ஐந்து நாளாயிற்று. விடியற்காலையில் பை எடுத்துக்கொண்டு போய், கடைக்காரன் முறைக்க முறைக்க ஒவ்வொரு காயாக நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கி வருவார். கழுவித் துணியில் பரப்பி, ஈரம் போகும்வரை கத்தியைத் தொடமாட்டார். நறுக்கிய பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் காரியம் கெட்டது என்பார். சட்டியை மூடக்கூடாது, உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும், அடிக்கடி கிளறக்கூடாது. வட்டமாக அரிந்து ஒரு நாள், நீளமாகக் கீறி மிளகாய்ப்பொடி அடைத்து ஒரு நாள், தக்காளியில் கரைய விட்டு ஒரு நாள், புளி ஊற்றி ஒரு நாள், தயிரில் ஒரு நாள். எல்லாவற்றிலும் ஒரு கரண்டி அதிகமாக அவன் தட்டில் விழும். எப்படி இருக்கிறது என்று கேட்பார். நல்லா இருக்கு மாமா என்பான். இன்னொரு கரண்டி விழும்.

அவர்களுக்கு ஒரு மகள், எட்டு வயது. வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு வரும் என்று தாத்தா ஒரு நாள் ஆசை காட்டினார். எனக்குக் கணக்கும் வேண்டாம் வெண்டைக்காயும் வேண்டாம் என்றாள் அவள். தாத்தா எழுந்துபோய் அவளுக்கு முட்டை பொரித்து வந்தார். இடி விழவில்லை, கூரை சரியவில்லை. அவன் அந்த முட்டையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

கடை ஒன்றுதான் தப்பிக்கிற இடமாக இருந்தது. மதியச் சாப்பாட்டில் இருக்கும் வெண்டைக்காயை ஃப்ரேம் அண்ணனின் டப்பாவுக்குத் தள்ளிவிடுவான். அதற்கும் ஒரு நாள் வேட்டு விழுந்தது. ஆறிப்போனால் வெண்டைக்காய் செத்துப்போகிறது என்று மாமனாருக்குத் தோன்றிவிட்டது. மறுநாளிலிருந்து சூடான கேரியரோடு அவரே கடைக்கு வர ஆரம்பித்தார்.

லென்ஸ் தேய்க்கும் அறை குறுகலானது, ஜன்னல் கிடையாது. ஒரு கதவு, ஒரு இயந்திரம், இரண்டு முக்காலி. அவர் கதவை ஒட்டி ஒரு முக்காலியைப் போட்டு உட்காருவார். எழுந்து போக வேண்டுமென்றால் அவர் முழங்காலைத் தாண்டித்தான் போக வேண்டும். கடைசித் துண்டு உள்ளே போகும்வரை பார்த்திருந்துவிட்டு, கேரியரைத் தானே கழுவி எடுத்துக்கொண்டு, வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போவார். அவர் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு அழுகை வரும்போல இருக்கும். அதே நேரத்தில் எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் என்றும் தோன்றும். திட்டுகிறவரிடமிருந்து தப்பிக்கலாம். இப்படி ஒருவரிடமிருந்து எப்படித் தப்பிப்பது?

கல்யாணமான பதினோராவது வருடம் ஃப்ரேம் அண்ணனுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. துடித்துப்போய் டாக்டரிடம் ஓடியவர் ஒரு பட்டியலோடு திரும்பினார். சாப்பிடக்கூடாதவற்றில் வெண்டைக்காயும் இருந்தது. அவன் அந்தச் சீட்டை வாங்கி மூன்று முறை படித்தான். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கல் என்று டாக்டர் சொல்லிவிட்டார், வெண்டைக்காயைத் தொடக்கூடாதாம் என்றான்.

அடுப்பில் இருந்த சட்டியை மாமனார் அப்படியே இறக்கி வைத்தார். "உயிரைவிடக் காயா பெருசு?" என்றார். மறுநாள் சந்தையிலிருந்து வந்த பையில் வெண்டைக்காய் இல்லை.

முதல் மூன்று நாள் அவனுக்குத் தரையில் கால் படவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஒரு கூண்டிலிருந்து இன்னொரு கூண்டுக்கு மாறியிருக்கிறோம் என்று. கல்லுக்கு உப்பு ஆகாது என்று யாரோ சொல்ல, சாப்பாட்டில் உப்பு நின்றது. தக்காளி நின்றது. மணிக்கு ஒரு தரம் ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து நின்று, குடித்து முடிக்கும்வரை நகரமாட்டார். கடைக்கு வரும்போதும் தண்ணீர் பாட்டில்கள் கூடவே வந்தன. மாப்பிள்ளைக்கு இல்லாதது எனக்கெதற்கு என்று தானும் உப்பில்லாமல் சாப்பிட்டார். மனைவி பயந்துபோயிருந்தாள். அவன் புரண்டு படுத்தால்கூட, வலிக்கிறதா என்று எழுந்து உட்கார்ந்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தான். எந்தப் பொய்யை முதலில் அவிழ்ப்பது என்றுதான் தெரியவில்லை.

பத்தொன்பதாம் நாள் அவன் வேலை முடிந்து வந்தபோது அடுப்பு எரியவில்லை. மாமனார் சாப்பாட்டு மேஜையில் சும்மா உட்கார்ந்திருந்தார். எதிரே மனைவி. மகளைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பியிருந்தார்கள்.

மாப்பிள்ளைக்கு என்னென்ன கொடுக்கலாம் என்று விவரமாகக் கேட்டு வர மாமனார் அன்று வீட்டில் எல்லாரும் வழக்கமாகப் போகும் டாக்டரிடம் போயிருக்கிறார்.

"அவர் உங்களைப் பார்த்தே ரெண்டு வருஷம் ஆச்சாம், மாப்பிள்ளை."

அவன் வேறு டாக்டர் என்று ஆரம்பித்தான். ஃப்ரேம் அண்ணனுக்குத் தெரிந்தவர் என்றான். அவர் ஊரில் இல்லை என்றான். விளக்கெண்ணெயில் வதக்கின வெண்டைக்காய் மாதிரி இருக்கு உங்க பேச்சு, நேரா சொல்லுங்க என்றாள் மனைவி. அவள் வேண்டுமென்று அதைச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு அவளே திகைத்து நிறுத்தினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்கு வெண்டைக்காய் பிடிக்காது மாமா. எப்பவுமே பிடிச்சதில்ல."

"மொத நாளு? நீங்களா கேட்டு வாங்கினீங்களே?"

"அன்னிக்கும்தான்."

மாமனார் மெதுவாகக் கேட்டார்: "பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? கரண்டியால அடிச்சிருப்பேனா?"

சித்தி வீட்டைப் பற்றிச் சொல்லலாமா என்று பார்த்தான். இந்த மனிதர் முன்னால் அது ஒரு சாக்குப்போல இருந்தது. மாமனார் எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று எல்லாரும் ரொட்டி வாங்கித் தின்றார்கள்.

மறுநாள் காலையில் மனைவி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"அன்னிக்கு எங்கப்பாகிட்ட வெண்டைக்காய் பிடிச்சவர் மாதிரி கேட்டு வாங்கினீங்க. அதே நாள்ல என்னையும் பிடிச்சிருக்குன்னு சொன்னீங்க."

"அது நிஜம்."

"ரெண்டையும் ஒரே குரல்லதான் சொன்னீங்க. எது நிஜம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?" சட்டையை மாட்டியில் தொங்கவிட்டாள். "இந்த வீட்டோட இருக்கறது வசதின்னு சொன்னீங்களே, அது?"

அவன் சற்றுத் தயங்கினான். அந்தத் தயக்கமே போதுமானதாக இருந்தது. அவள் தலையாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

யாரும் சண்டை போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மாமனார் மறுபடி சமைக்க ஆரம்பித்தார். கடைக்குக் கேரியர் வருவது மட்டும் நின்றுபோயிற்று. அந்த அறையில் கதவோரத்து முக்காலி காலியாகக் கிடந்தது. அவன் எழுந்து தாராளமாகப் போய்வரலாம். போய்வர ஓர் இடமும் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை, மாமனார் வழக்கமான மரியாதையோடு, உங்களுக்கு என்னதான் பிடிக்கும், அதையே செய்கிறேன் என்றார். அவன் யோசித்தான். மூன்று பேரும் காத்திருந்தார்கள். எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை. தட்டில் விழுந்ததை வழித்துச் சாப்பிட்டு வளர்ந்தவனுக்குப் பிடிக்காதது ஒன்று தெரிந்திருந்தது. பிடித்தது எதுவென்று யாரும் கேட்டதில்லை, அவனும் கேட்டுக்கொண்டதில்லை. எது செஞ்சாலும் சரி மாமா என்றான். மாமனாரின் முகம் சுருங்கிப்போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி பையை அவன் கையில் திணித்தாள். உங்களுக்கு எது வேணுமோ அதை வாங்கிட்டு வாங்க, வாங்காம வராதீங்க என்றாள். அவன் சந்தையில் அரைமணி நேரம் சுற்றினான். கத்தரிக்காயைக் கையில் எடுத்தான், வைத்தான். பூசணியைத் தட்டிப் பார்த்தான், நகர்ந்தான். பொண்ணு பாக்கவா வந்திருக்கீங்க, இப்படி முன்னயும் பின்னயும் திருப்பிப் பாக்கறீங்க என்று காய்க்காரி சிரித்தாள். கடைசியில் முள்ளங்கி வாங்கினான். அதன் காரமான வாசனை பிடித்திருந்தது. அது மாமனாருக்குக் கண்ணில் காட்டக்கூடாத காய் என்பது அவனுக்குத் தெரியும். வீடு வரைக்கும் அந்தப் பையை ஏதோ திருட்டுச் சாமான்போலப் பிடித்துக்கொண்டு வந்தான்.

மாமனார் பையைத் திறந்து பார்த்தார். மூக்கைச் சுளித்தார். நானே செய்றேன் மாமா என்று அவன் சொன்னபோது அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் அடுப்பங்கரையை விட்டு வெளியே வந்து அதன் நிலைப்படியில் நின்றார். நாற்பது வருடத்துக்கும் மேலாக ஒரு அடுப்பை இன்னொருவனிடம் விட்டுவிட்டு நின்று பழக்கமில்லாதவர். கை இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தார். அவன் எண்ணெயை அதிகமாகக் காய வைத்தான். சில துண்டுகள் கருகின, சில வேகவே இல்லை. மிளகாயைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தான்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். மகள் மோந்து பார்த்துவிட்டு முட்டை கேட்டாள். மாமனார் ஒரு துண்டை எடுத்து நிதானமாக மென்றார். பிறகு தண்ணீர் குடித்தார்.

"நல்லா இல்ல மாப்பிள்ளை" என்றார். "ரொம்ப மோசம்."

மனைவி சிரித்துவிட்டாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆனபிறகு அவன் கேட்ட முதல் சிரிப்பு. அவனுக்கும் சிரிப்பு வந்தது. பாதி கருகியிருந்தாலும் அந்த முள்ளங்கி அவனுக்குப் பிடித்திருந்தது. இது எனக்குப் பிடிச்சிருக்கு என்று சொல்லி இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டான். நம்புகிறார்களா என்று இருவரின் முகத்தையும் பார்த்தான். நம்பியதாகத் தெரியவில்லை.

மாமனார் சட்டியைத் தன் பக்கம் இழுத்து, எங்கே தவறு நடந்தது என்று கரண்டியால் கிளறி ஆராய்ந்தார். எண்ணெய் பற்றிச் சொன்னார், துண்டின் கனத்தைப் பற்றிச் சொன்னார். பல நாளாகக் காணாமல்போயிருந்த வெளிச்சம் அவர் கண்ணில் மெல்லத் திரும்பியது.

"கை பழகணும், வேற ஒண்ணுமில்ல. இனிமே ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீங்க ஆக்குங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்."

அவன் வாயில் 'சரி மாமா' என்பதுதான் வந்தது. அதை எச்சிலோடு சேர்த்து விழுங்கினான்.

"வேண்டாம் மாமா. ஞாயித்துக்கிழமை நான் கொஞ்சம் படுக்கணும்."

மனைவி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். மாமனார் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் கோபப்படவில்லை. அவன் சொன்னதைப் பொறுமையாக, மிகுந்த மரியாதையோடு யோசித்துப் பார்த்தார்.

"நியாயம்தான்" என்றார். "அப்ப சனிக்கிழமை வெச்சுக்கலாம்."