தீ மூட்டிப் பெயர்த்த கல்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இருமல் உள்ளவர்கள் உள்பக்கமாக வாருங்கள், வாடைக்காற்று அடிக்கிறது. இன்றைக்கு ஒரு கல்லின் கதை சொல்கிறேன். சிரிக்கிற கதை இல்லை. ஆனாலும் பாதியில் எழுந்து போகமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில் வல்லம் வடகாலுக்கு லீலா என்ற பெண் வந்தாள். சென்னையில் ஒரு கல்லூரியில் கல்லைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். ஊருக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில், கரும்பாறை ஒன்று எருமை முதுகு மாதிரி நீளமாகத் தெரியும். என்றோ பூமி விரிசல் விட்டபோது அடியிலிருந்து நெருப்புக் குழம்பு ஏறி, அந்த விரிசலிலேயே இறுகிப்போன பாறை அது. அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதை லீலா முன்பே பொடித்துப் பார்த்துவிட்டாள். கடலுக்கு அப்பால் ஒரு தேசத்துப் பாறையிலும் அதே கலவை. வயதும் ஒத்துப்போனால், இரண்டு நிலமும் ஒன்றாக ஒட்டியிருந்த காலத்தில் சேர்ந்தே விரிசல் விட்டன என்று சொல்லலாம்.

வயது பார்க்கும் இயந்திரம் வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. நடையாய் நடந்து, ஒரே ஒரு கல்லுக்கு இடம் வாங்கியிருந்தாள். அந்த வருஷத்தோடு அவளுடைய உதவித்தொகையும் முடிகிறது. அவள் உழைப்பு முழுவதும் அந்த ஒரு கல்லை நம்பித்தான் இருந்தது.

அவளுடைய சின்னச் சுத்தியலுக்குப் பாறை மசியவில்லை. அந்த ஊரில் கல்லுடைக்கும் தாண்டவராயனிடம் போனாள்.

"மேல்கல் வெயில்லயும் மழையிலயும் நைஞ்சிருக்கும் அண்ணே. உள்கல் வேணும். வெடி வைக்கக் கூடாது. கல்லுக்குள்ள ஒரு காத்து கொஞ்சம் கொஞ்சமா சேந்துகிட்டே இருக்கும். அது எவ்ளோன்னு பாத்தா கல்லோட வயசு தெரியும்."

அவர் மனைவி செங்கமலம் சிரித்தாள். "கல்லுக்கு வயசு பாக்கறாங்களாம். இந்தாளுக்கு இன்னா வயசுன்னு இவருக்கே தெரியாது. இவரையும் இட்டுகினு போய் அந்த மிஷின்ல போடு தாயி."

"நீ சும்மா கெட" என்றார் தாண்டவராயன். "நாளன்னிக்கு வாம்மா. நல்ல கல்லா எடுத்து வெக்கறேன்."

சொன்னபடி எடுத்து வைத்திருந்தார். பலகை மாதிரி ஒரே துண்டு, உடைந்த பக்கம் கண்ணாடியாய் மினுக்கியது. செங்கமலம் அதைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக் கொடுத்தாள். லீலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாதங்கள் கழித்து ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. உள்ளே சேர்ந்த காற்றில் பாதிக்குமேல் வெளியேறிவிட்டது, இது சூடுபட்ட கல், இதற்கு வயது சொல்ல முடியாது என்றார்கள்.

மறுநாளே அவள் பஸ் ஏறினாள். பாறை முதுகு இருந்த இடத்தில் பெரிய பள்ளம். ரோடு போடக் கல்லை வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். பள்ளத்தின் ஓரத்தில் தாண்டவராயன் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தக் கல்ல எப்படி எடுத்தீங்க?"

"அத்த ஏன் கேக்கற. உளி எறங்கல. எங்கப்பன் செய்யறாப்ல கட்டைய அடுக்கி ராவெல்லாம் நெருப்பு போட்டேன். விடிஞ்சதும் தட்டனேன், அப்பளம் மாரி எழும்பிச்சு. கரி புடிச்சிருந்திச்சு, அதான் இவ கழுவிக் குடுத்தா."

வெயில் கூடாது, மழை கூடாது, வெடி கூடாது என்று எல்லாம் சொன்ன லீலாவுக்கு நெருப்பைச் சொல்லத் தோன்றவே இல்லை. நெருப்பு வைத்தும் கல்லைப் பெயர்ப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

செங்கமலம்தான் அவள் முகத்தைப் பார்த்தாள். "நெருப்பு பட்டா அந்தக் காத்து பூடுமா தாயி?"

"போயிடும்க்கா."

தாண்டவராயன் சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு, "வேற கல் குடுத்தா சரியாயிடுமா?" என்று கேட்டார்.

இன்னொரு கல்லுக்கு ஆய்வுக்கூடத்தில் இடம் கிடையாது. உதவித்தொகையும் நின்றுவிட்டது. லீலா அதைச் சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் உளியை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியிருந்தார்.

பொழுது சாயும் வரை அடித்தார். உளி இரண்டு முறை முனை மழுங்கியது. உள்ளங்கை கிழிந்து துணி சுற்றிக்கொண்டார். செங்கமலம் கூப்பிட்டும் சாப்பிட ஏறி வரவில்லை. கடைசியில் தேங்காய் அளவுக்கு ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டினார்.

"நெருப்பே காட்டல. இவளக் கேளு."

லீலா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "இது போதும் அண்ணே" என்றாள். ஸ்ரீபெரும்புதூர் போகும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்த இயந்திரத்திலும் அந்தக் கல் ஏறவில்லை. அவளும் ஆராய்ச்சியை விட்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தாண்டவராயனிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்து போங்கள், இருட்டுகிறது. உங்கள் வீட்டில் அன்பாய்ச் செய்வது எதுவும் வீணாய்ப் போகாமல் இருக்கட்டும். போனாலும், கொடுத்த கையை நோகடிக்காத மனிதர்கள் உங்கள் வீடு நிறைய இருக்கட்டும்.